பொன்னுத்தங்கம் விழுந்த கிணறு

எழில் ஆங்கிலத்தில் எதை வாசித்தாலும் அவளுக்குப் புரிந்துவிடும். ஆனால் புரிந்ததா என்பது மட்டும் அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. அதுதான் சிக்கல். பெரிய சட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு என்று 2008இல்தான் முதல்முறையாக வைத்தார்கள். அதில் தேறினால் வக்கீல் படிப்பு, இல்லாவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை. ஜூன் மாதத்திலிருந்து வரச் சொல்லி ஃபோர்மேன் இடம்கூடப் பிடித்து வைத்துவிட்டார். அவளுடைய அப்பா இருளாண்டி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

விருதுநகரில் காளீஸ்வரன் என்று ஓர் இளவயது வக்கீல். ஞாயிற்றுக்கிழமைதோறும் எழிலின் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"கேள்வியை வாசிச்சுட்டு, சட்டம்னா என்னன்னே தெரியாத ஆளுகிட்டப் போயி அதைத் தமிழ்ல சொல்லு. அவுகளுக்குப் புரிஞ்சா உனக்கும் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

நல்ல யோசனைதான். பாவம், அவர் எங்களைப் பார்த்ததில்லை.

நாங்கள் என்றால் எழிலின் அம்மா செல்வலட்சுமி, எதிர்வீட்டுச் சண்முகத்தாய், பக்கத்து வீட்டில் நான். எங்கள் வளவில் எல்லா வீட்டுக்கும் ஒரே முற்றம். பட்டாசுக் கம்பெனி விட்டு வந்த பிறகும் கை சும்மா இருக்காது என்பதால், முற்றத்தில் உட்கார்ந்து வெடிமருந்து போடாத வெறும் காகிதக் குழாய் சுருட்டுவோம். எழில் புத்தகத்தோடு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தத் தேர்வில் ஒருவகைக் கேள்வி உண்டு. முதலில் ஒரு விதியைச் சொல்வார்கள், பிறகு ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். விதி நல்லதா கெட்டதா என்று நாம் கேட்கக் கூடாது.

"ஏ-ங்கிறவருக்கு ஒரு தோட்டம் இருக்கு" என்று ஆரம்பித்தாள் எழில்.

"ஏ-ன்னா ஆம்பளையா பொம்பளையா?" என்றாள் சண்முகத்தாய்.

"அது தெரியாது அத்தை. சும்மா ஏ."

"பேரு வைக்காமயா வளத்தாக?"

"பக்கத்துல பி-ன்னு ஒருத்தர்..."

"அவளுக்கும் பேரு இல்லையா? நல்ல ஊருடி அது."

பேர் வைக்காமல் மேற்கொண்டு நகர முடியவில்லை. தோட்டக்காரனுக்குச் சங்கிலிமுத்து என்று சண்முகத்தாய் பேர் வைத்தாள். பக்கத்து நிலத்துக்காரிக்குப் பொன்னுத்தங்கம் என்று நான் வைத்தேன். விதி இதுதான்: அனுமதி இல்லாமல் தன் நிலத்துக்குள் நுழைகிறவருக்கு என்ன கேடு வந்தாலும் நிலத்துக்காரர் பொறுப்பல்ல. சம்பவம்: பொன்னுத்தங்கத்தின் ஆடு சங்கிலிமுத்துவின் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. அதைப் பிடிக்கப் போன பொன்னுத்தங்கம், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். சங்கிலிமுத்து பொறுப்பா?

"கட்டி வச்சு உரிக்கணும் அவனை" என்றாள் சண்முகத்தாய்.

"கிணத்துக்குச் செவரு வைக்காத பய, வீட்டுக்கு மட்டும் மாடி வச்சிருப்பான்" என்றாள் செல்வலட்சுமி.

"ஆடு என்னாச்சு?" என்று நான் கேட்டேன்.

"ஆட்டைப் பத்திக் கேள்வியில இல்ல பெரியம்மா."

"அது எப்படி இல்லாமப் போகும்? சினை ஆடு வேற."

"சினைன்னு யாரு சொன்னா?"

"சினை இல்லைன்னா என்னத்துக்கு அவ அம்புட்டுத் தூரம் பின்னாலயே ஓடுறா?"

எழில் கேள்வியை மறுபடி வாசித்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். நாங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சங்கிலிமுத்துதான் பொறுப்பு என்ற விடைக்கு நேராகக் கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து அழாத குறையாகத் திரும்பி வந்தாள். கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு எல்லாம் நன்றாக வந்திருந்தன. சட்டப் பகுதி மட்டும் முழுக்கச் சிவப்பு மை. தாள் ஓரத்தில் அவள் எழுதியிருந்த குறிப்பைக் காட்டிக் காளீஸ்வரன் கேட்டாராம், "கேள்வியில இல்லாத சினை எங்கிருந்தும்மா வந்துச்சு? நீ இன்னும் ஜட்ஜ் ஆகல. இப்படியே எழுதினா ஆகவும் மாட்ட."

மறுநாளிலிருந்து எங்களிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் விதி முடிவதற்குள் தூங்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். குழாய், பசை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாங்களும் பின்னாலேயே போய்விட்டோம். வேறென்ன செய்வது? நாள் முழுக்க மருந்து வாடையில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு, சாயங்காலம் ஒரு கேஸ் கேட்டுப் பழகிவிட்டால் அப்புறம் சும்மா இருக்க முடியாது.

"இன்னைக்கு யாருடி மாட்டினது?" என்று செல்வலட்சுமி கேட்பாள். எழிலும் சொல்லிவிடுவாள். அவளுக்கும் எங்களை விட்டால் ஆள் இல்லை. சொன்னதும் நாங்கள் தீர்ப்பு சொல்வோம். அவள் கை அந்தப் பக்கமே போய்விடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு மை.

இந்த நேரத்தில்தான் சண்முகத்தாய் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவள் திங்கட்கிழமைதோறும் சூலக்கரைக்குப் போய், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பாள். மற்றவர்கள் கோயிலுக்குப் போவதுபோல இவளுக்கு இது. அந்தத் திங்கட்கிழமை திரும்பி வந்தவள், புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"பொன்னுத்தங்கத்துக்கும் சேத்து ஒண்ணு குடுத்துட்டு வந்தேன். கிணத்துக்குச் செவரு கட்டணும், காலுக்கு உதவி பண்ணணும்னு."

எழில் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. "அத்தை, அப்படி ஒரு ஆளே இல்லையே!"

"கொளாயில தண்ணிகூடத்தான் இல்ல. அதுக்கு நான் மனு குடுக்கலையா?"

எங்களுக்கு இது சரியாகத்தான் பட்டது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கிராம நிர்வாக அலுவலர் லட்சுமிகாந்தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வந்தார். சாயங்கால வெயிலில் வழுக்கைத் தலை மின்னியது. வந்ததும் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுக் கேட்டார்.

"இங்கன பொன்னுத்தங்கம்ங்கிறது யாரு?"

எழில்தான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அது புத்தகத்தில் வந்த கேள்வி, அப்படி யாரும் கிடையாது, கிணறும் கிடையாது, ஆடும் கிடையாது.

லட்சுமிகாந்தம் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இல்லாத ஆளுக்கு மனு குடுத்திருக்காகன்னு நான் எளுதிட்டுப் போனா, இந்தம்மா மேல பொய் மனுன்னு கேஸ் வந்தாலும் வரும். பரவாயில்லையா?"

"வரட்டுமே" என்றாள் சண்முகத்தாய். "கேஸ் வந்தா பொன்னுத்தங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுத்தானே ஆகணும்?"

"அவதான் இல்லையே!"

"அதைக் கோர்ட்டுல வந்து அவ சொல்லட்டும்."

லட்சுமிகாந்தம் எழிலைப் பார்த்தார், எழில் தரையைப் பார்த்தாள். இன்னொரு செம்பு தண்ணீர் குடித்த பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது. திங்கட்கிழமைக்குள் அவர் மனுவை முடித்தாக வேண்டும். முடிக்க வேண்டுமென்றால் இரண்டு தரப்பையும் விசாரித்தோம் என்று இருக்க வேண்டும். "யாராச்சும் பொன்னுத்தங்கம்னு உக்காருங்க. யாராச்சும் நிலத்துக்காரன்னு உக்காருங்க. விசாரிச்சு இன்னைக்கே முடிச்சிருவோம். எனக்கு இன்னும் மூணு ஊரு போகணும்."

செல்வலட்சுமி உடனே ஒரு காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளவில் அப்போது இருந்த ஒரே ஆம்பளை இருளாண்டி. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, கட்டிலின் மறுபக்கம் உட்காரவைத்து, நீங்கள்தான் சங்கிலிமுத்து என்றோம். வழக்கம்போலத் தலையாட்டினார்.

"சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார் லட்சுமிகாந்தம்.

செல்வலட்சுமி நடந்ததைச் சொன்னாள். ஆடு ஓடியது, இவள் ஓடியது, கிணறு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, விழும்போது குலசாமியைக் கூப்பிட்டது. இது எதுவுமே புத்தகத்தில் இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

"நீங்க என்னய்யா சொல்றீக?" என்று இருளாண்டியிடம் திரும்பினார்.

இருளாண்டிக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அவர் கண்ணை மூடி, அந்தத் தோட்டத்தை மனதுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்போல இருந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வளவில் அவர் குரல் அப்படி உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"என் தோட்டத்துல என்னைக் கேக்காம எவளும் காலு வைக்கக் கூடாது!"

"உங்க தோட்டமா?" என்றாள் செல்வலட்சுமி.

"அப்பன் பாட்டன் சம்பாதிச்சது. இவ ஆடு எம்புட்டு வெள்ளாமையைத் தின்னுச்சுன்னு கேளுங்க சார் மொதல்ல!"

"ராத்திரி சோத்துக்கு வீட்டுக்கு வருவீகள்ல? அப்பப் பேசிக்கிடுவோம்."

"அது வேற, இது வேற. சார், இந்த மெரட்டலையும் எளுதிக்கோங்க."

லட்சுமிகாந்தம் அதையும் எழுதினார். பிறகு எழிலைக் கூப்பிட்டார். "நீதான் சட்டம் படிக்கப் போற பிள்ளையாம்ல. நீ ஒரு முடிவு சொல்லு, அதையே எளுதிட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன். நிலத்துக்காரன் பொறுப்புன்னு சொன்னா, தாசில்தார் நேர்ல வந்து கிணத்தைப் பாக்கணும்னு கேப்பாரு."

"பாக்கட்டும்" என்றாள் சண்முகத்தாய். "அதுக்குள்ள தோண்டிருவோம்."

எழில் நடுமுற்றத்தில் நின்றாள். இந்தப் பக்கம் அம்மா காலை நீட்டிக்கொண்டு அழுகிறாள். அந்தப் பக்கம் அப்பா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது. விதியைத்தான் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"அனுமதி இல்லாம நுழைஞ்சவுகளுக்கு நிலத்துக்காரர் பொறுப்பில்லைங்கிறதுதான் விதி. பொன்னுத்தங்கம் அனுமதி கேக்கல. கிணத்துக்குச் சுவரு இல்லைங்கிறது நெசந்தான். ஆனா சுவரைப் பத்தி விதி ஒண்ணும் சொல்லல. ஆட்டைப் பத்தியும் சொல்லல. அதனால சங்கிலிமுத்து பொறுப்பில்ல."

லட்சுமிகாந்தம் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"அடியேய்" என்றாள் செல்வலட்சுமி. "பெத்தவ காலு ஒடிஞ்சு கெடக்கேன்."

"உங்க காலு நல்லாத்தாம்மா இருக்கு."

"இருந்தா என்னடி?"

சண்முகத்தாய் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எழிலின் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "ஏத்தா, உனக்கு மனசே இல்லையா?"

"இருக்கு அத்தை. இந்த விதியில அதுக்கு எடம் இல்ல. விதி தப்புன்னா அதை மாத்தச் சொல்லித்தான் கேக்கணும். இருக்கிற வரைக்கும் இப்படித்தான் சொல்லணும்."

மனு முடிந்தது. இந்த முடிவில் தனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் எழுதச் சொல்லி, அதற்கு அடியில்தான் சண்முகத்தாய் கையெழுத்துப் போட்டாள். லட்சுமிகாந்தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிட்டுவிடுவதற்குள் போய்விட்டார். இருளாண்டிக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. நிலம் உள்ளவருடைய முகமாகவே படுத்துத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் யாரும் எழிலிடம் கேஸ் கேட்கவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் பாட்டுக்கு இருந்தோம். கிணற்றுக்காரன் பக்கம் பேசியவளிடம் என்ன கேட்பது? அவள் வாசற்படியில் தனியாக உட்கார்ந்து கடைசி மாதிரித் தாளைப் போட்டாள். பென்சில் எங்கேயும் நிற்கவில்லை. தானே திருத்தினாள். சட்டப் பகுதியில் அநேகமாக எல்லாமே சரி. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். செல்வலட்சுமி பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்; ஆனால் பார்த்தேன்.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். கட்டுச்சோறு கட்டும்போதுகூடச் செல்வலட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கட்டிய புளியோதரை மூன்று பேருக்குக் காணும் அளவு இருந்தது.

முடிவு வந்தபோது எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. காளீஸ்வரன் வக்கீல் ஃபோன் பண்ணித்தான் சொன்னார். ஜோத்பூரில் இடம் கிடைத்துவிட்டது. ஒட்டகம் இருக்கிற ஊராம். ஃபோர்மேனிடம் போய், லேபிள் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார் இருளாண்டி. தலையாட்டாமல் வாயைத் திறந்து சொன்னாராம்.

அன்று சாயங்காலம் எழில் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். சண்முகத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பரீட்சையில யாரு யாரு வந்தாக?"

எழில் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சொன்னாள். கூட்டாளியை ஏமாற்றிய கடைக்காரன், குதிரையை இரவல் வாங்கியவன், குடித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். ஒவ்வொருவனுக்கும் நாங்கள் ஒரு தீர்ப்பு சொன்னோம். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே, "நான் அப்படிப் போடல, விதிப்படிதான் போட்டேன்" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் விதிப்படி போடல அத்தை. ஒரு கெழவி. வாடகை வீட்டுல வெள்ளை அடிச்சு, மராமத்து எல்லாம் அவளே பாத்திருக்கா. வீட்டுக்காரன் வெளிய போகச் சொல்றான். விதிப்படி பாத்தா அவளுக்கு ஒண்ணும் கிடையாது. சரியான விடை எதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கெழவிக்குப் போட்டேன்."

செல்வலட்சுமிக்குப் பதறிவிட்டது. "பாவி மகளே, அந்த ஒண்ணுல சீட்டு போயிருந்தா?"

எழில் சண்முகத்தாயின் முகத்தையே பார்த்தாள். சண்முகத்தாய் சுருட்டிய குழாயைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

"ஒண்ணுதானா?" என்றாள்.