போபாலிலிருந்து ஓடும் மோட்டார்

காலை ஒன்பது மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் எங்கள் தென்னந்தோப்பில் மோட்டார் உறுமும். போடுவது நானல்ல. போபால் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு கிடக்கும் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. செல்போனில் அதைக் கூப்பிட்டு ஒன்றாம் எண்ணை அமுக்கினால் போதும். எங்கள் பக்கத்து ரிக்காரர்கள் பாதிப்பேர் வடக்கே டீ குடித்துக்கொண்டே இப்படித்தான் விவசாயம் பார்க்கிறார்கள்.

அந்த மோட்டார் இறைக்கும் போரும் அவர் போட்டதுதான். லீவுக்கு வந்த வண்டியைச் சும்மா நிறுத்த மனசில்லாமல் சொந்தத் தோட்டத்தில் ஆயிரத்து நூறு அடி இறக்கினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊரே வந்து பார்த்தது. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் அதைத் தினமும் பாய்ச்சினால் மண் என்ன ஆகும்? வட்டப்பாத்தியெல்லாம் வெள்ளை பூத்து, களிமண் இறுகி, பாய்ந்த தண்ணீர் கீழே இறங்காமல் சாயங்காலம் வரை தேங்கி நின்றது. குரும்பை கொட்டியது. மரம் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக ஆரம்பித்தது.

மண்ணையும், போர்த் தண்ணீரையும், எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீரையும் சேலத்தில் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுத்தேன். அங்கிருந்த கிருத்திகா என்ற பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"மண்ணுல சோடியம் ஏறிப்போச்சுங்க்கா. போர்த் தண்ணிய நிறுத்துங்க. உங்க கிணத்துத் தண்ணி நல்லாருக்கு, வாரம் ஒருதடவ அத உடுங்க. ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு, மண்ணோட மடக்கி உழுங்க. இன்னொரு கோடை இப்படியே போனா மிச்ச மரமும் தாங்காது."

அன்றைக்கே வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, போர்த் தண்ணிய நிறுத்தோணுமாம்."

"மரம் வாடுதுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம் புள்ள. கரண்டு சும்மா வருது. பக்கத்துக் காட்டுல கண்ணுசாமி நாள் பூரா ஓட்டறான், நாம மட்டும் உட்டுட்டு உக்காந்திருக்கறதா?"

நான் போய் நிறுத்துவேன். வீட்டுக்கு வந்து உலை வைப்பதற்குள் மறுபடி உறுமும். மறுபடி நடப்பேன். அவருக்கு ஒரு விரல் வேலை, எனக்கு அரை மைல் நடை. ஒருநாள் ஆறு தடவை நடந்துவிட்டு மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்து எரிச்சலில் அழுதேன். இருபத்திரண்டாவது மரத்தின் கொண்டை சாய்ந்த அன்று பெட்டியைத் திறந்து சிம்மைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது.

"ஏம்புள்ள, மோட்டாரு சுவிட்ச் ஆப்னு வருது?"

"சிம்மக் கழட்டிட்டேனுங்க."

"யாரக் கேட்டுக் கழட்டுன?"

"மரத்தக் கேட்டுத்தானுங்க. வேணும்னா நேர்ல வந்து மாட்டிக்கங்க."

மூன்றாம் நாள் வந்து நின்றார். போன வருஷம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, வேலை பாதியில் நிற்கிறது என்று வராத மனுஷன். மோட்டாருக்காக வந்துவிட்டார். ஆத்திரத்தில் காப்பிகூட வைக்கவில்லை.

அவரும் கேட்கவில்லை. நேரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போனார்.

"அடி மண்ணு காஞ்சு கெடக்குது பாரு, காட்டறேன்."

ஓங்கிக் குத்தினார். மேல்மண் டங்கென்று கடப்பாரையைத் திருப்பி அனுப்பியது. ஐந்தாவது குத்தில் ஓடு பெயர்ந்தது. கீழே கறுப்பாகச் சேறு, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். கையை விட்டு ஒரு வேரை இழுத்தார். அழுகிப்போய்த் தோல் உருவிக்கொண்டு வந்தது.

கண்ணுசாமி தோட்டத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"கரண்டு வந்துருச்சுங்க," என்றேன். "சிம்ம எடுத்தாரட்டுமா?"

வேரைக் கீழே போடாமலே கடப்பாரையை மரத்தில் சாய்த்து வைத்தார்.

"வேண்டாம்," என்றார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க எனக்கு இருபத்திரண்டு மரம் ஆகியிருக்கிறது.