கடைசி வரிசைக்குக் கேட்குமா

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாடகத்துக்கான நிகழ்ச்சிப் புத்தகத்தில் போட, நடிகை கெய்னர் பாரியைப் பற்றி இருநூறு சொல் எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொன்பது வருடமாக அவளுக்கு மேடையில் உடை மாற்றிவிடுகிறவள் நான்தான். ராத்திரி பகலாக யோசித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது ஒரே வரி: ‘அவருடன் வேலை செய்வது இனிமையான அனுபவம், என்கிறார் வாசுகி.’

வாசுகி அப்படிச் சொல்லவே இல்லை. இனிமையான அனுபவம் என்று ஐஸ்கிரீமைச் சொல்லலாம். கடலை முதல்முதலாகப் பார்க்கும் குழந்தை வாயை மூட மறந்து நிற்குமே, கெய்னர் பாடும்போது எனக்கு நேர்வது அதுதான். அதனால் யாரும் வெட்ட முடியாத என் மொழியில் எழுதுகிறேன். (கெய்னரால் இதைப் படிக்க முடியாது. அதுவும் ஒரு தைரியம்.)

2

தொடக்கம் ஒன்று: ‘1951ஆம் ஆண்டு தெற்கு வேல்ஸில், தகரத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மூன்றாவது மகளாக—’

இல்லை. இது அஞ்சலிக் குறிப்பு மாதிரி இருக்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாள், போன வாரம் என்னோடு சண்டை போட்டாள்.

தொடக்கம் இரண்டு: ‘திரை விலகியது. ஒளி வெள்ளத்தில் அவர்—’

இதுவும் இல்லை. திரை விலகும்போது நான் எப்போதும் மேடையோரத்தில் இருட்டில் நிற்பேன். ஒளி வெள்ளத்தை நான் பார்த்ததில்லை, அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். ‘அவர்’ என்றும் எழுத வரவில்லை. முதுகில் பதினாறு கொக்கி மாட்டிவிட்டவளுக்கு ‘அவர்’ வராது.

சரி, இப்படித் தொடங்குகிறேன். பதினெட்டு வயதில் லண்டனுக்கு வந்த கெய்னர், பதினாறு வருடம் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடினாள். கல்யாண விருந்தாளி, கடல் அலை, சந்தையில் மீன் விற்பவள், ஒரு குதிரையின் பின்பாதி. முப்பத்துநாலு வயதில் ‘படகுக்காரி’ என்ற புது இசை நாடகத்துக்கு ஆள் தேடியபோது போய் நின்றாள்.

“முன்னால நின்னு பாடின அனுபவம் இருக்கா?” என்று கேட்டார்கள்.

“இல்ல. பதினாறு வருஷமா பின்னால நின்னு, முன்னால நிக்கறவங்க பண்ற தப்பையெல்லாம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

கணவனை ஆற்றுக்குக் கொடுத்த பிறகு அதே ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கும் பெண்ணின் வேடம். மூன்று வருடம், ஆயிரத்து நூற்று நாற்பது ஆட்டம். மைக்கை நம்பாதவள். அவள் வாயைத் திறந்தால் மாடியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நிமிர்ந்து உட்காருவான். பின்னாலிருந்து நான் பார்ப்பது விலா எலும்புகள் விரிவதை மட்டும்தான். கொக்கிகள் தெறிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் இரட்டை நூலால் தைத்தேன்.

3

இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த நாடகம் படமானது. படகுக்காரி வேடம் ரொவீனா ஹேல் என்ற முப்பத்தொரு வயது சினிமா நட்சத்திரத்துக்குப் போனது. ஐம்பத்தாறு வயதுக் கெய்னருக்குப் படகுக்காரியின் மாமியார் வேடம். ஒரே பாட்டு, அதில் எட்டே வரி. ஊரை விட்டுப் போக நினைக்கும் மருமகளின் படகுக் கயிற்றைத் தன் கையால் அவிழ்த்துவிடும் கட்டம்.

நியாயமாக அவள் மறுத்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை, உடைக்கு நான் வேண்டும் என்பது.

முதல் நாள், மேடையில் கெய்னர் போட்டிருந்த மாதிரியே ஒரு பச்சைக் கோட்டில் ரொவீனா செட்டுக்குள் நடந்து வந்தாள். கெய்னர் எழுந்து கழிவறைக்குப் போனவள் இருபது நிமிடம் வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன்.

“என்ன பண்றே உள்ள?”

“ஒண்ணுமில்ல, வாசு. பொறாமைப்படறேன். முடிஞ்சதும் வர்றேன்.”

வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

(இந்த இடத்தில் ரொவீனாவைக் கெட்டவளாக்கினால் கதைக்கு வசதி. முயன்று பார்த்தேன்: ‘ரொவீனா தாமதமாக வந்து, யாரையும் ஏறெடுத்தும் பாராமல்—’ நிறுத்திவிட்டேன். அவள் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் ஒப்பனை வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பாள். நடந்ததை அப்படியே எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.)

4

பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்யாமல், நடிக்கும்போதே பாடிப் பதிவு செய்தார்கள். கெய்னரின் காலருக்குள் பொத்தான் அளவு மைக்கை வைத்துத் தைத்தது நான்தான். ஒலிப்பதிவாளர் டோனல் என்ற ஐரிஷ்காரர், மூலையில் ஹெட்போனால் காதுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் டேக்கில் கெய்னர் பாடினாள். டோனல் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

“பிரமாதம், கெய்னர்,” என்றார் இயக்குநர். “இன்னும் கொஞ்சம் சின்னதா.”

ஐந்தாவது டேக், “இன்னும் சின்னதா.” எட்டாவது டேக்கில் அவள் குரலை அடக்கினாள். குரல் அடங்கியது, முகம் அடங்கவில்லை. பதினொன்றாவது முடிந்ததும் இயக்குநர் உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னார்: “எட்டு வரியையும் பேசவே வெச்சுடலாமா?”

மெதுவாகச் சொன்னாலும் கெய்னருக்குக் கேட்டுவிட்டது. அவள் போய்ப் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். பாட்டு நாடகத்தில் வாழ்ந்தவளிடமிருந்து பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கிட்டப் போக எனக்கே துணிவில்லை.

ரொவீனா போனாள். ஈரப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கவா? நீங்க யாருக்குப் பாடறீங்க?”

“கடைசி வரிசைக்கு. வேற யாருக்கு?”

ரொவீனா ஒரு விரலால் கெய்னரின் காலரைத் தொட்டாள். “இங்க கடைசி வரிசை இதுதான். நீங்க அவங்ககிட்ட போக வேணாம். அவங்க வந்தாச்சு.”

கெய்னர் காலரைக் குனிந்து பார்த்தாள்.

“முப்பத்தெட்டு வருஷம்டி. ஒருத்தரும் எங்கிட்ட இதச் சொல்லல.”

“சொல்ல எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்.”

“உனக்கென்ன பயம்?”

“உங்க பாட்டை உங்க முன்னாடி பாடறேனே, அது போதாதா?”

“நல்லாத்தான் பாடறே,” என்றாள் கெய்னர். “அதான் எரிச்சலா இருக்கு.”

இருவரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டாவது டேக். இனி நான் எழுதப்போவதை நம்புவது உங்கள் இஷ்டம். நான் ஆறடி தள்ளி நின்றேன். கெய்னர் கயிற்றைக் கையில் எடுத்தாள். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது ஆட்டத்திலும் பக்கத்தில் நின்று கேட்டவளுக்கு, அந்த எட்டு வரியில் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. கயிறு அவிழ்ந்தது. டோனல் மட்டும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார்.

“இன்னொண்ணு போலாமா?” என்று கெய்னர்தான் கேட்டாள்.

“எதுக்கும்மா?” என்றார் டோனல்.

ஏழு மாதம் கழித்து, படம் வந்தபோது மதியக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி, முன்னூறு பேரோடு உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டாவது டேக்கை முதல்முறையாகக் கேட்டேன். ‘கயிறு என் கையில்தான் இருக்கிறது, நீ போ’ என்று ஒரு வரி வரும். அந்தக் காலத்தில் மேடையில் மாமியாராக வந்தவள் பாடினால் அந்த ‘போ’ கூரையில் போய் முட்டும். படத்தில் அது மூச்சு. தூங்கும் பிள்ளையின் நெற்றியில் வாய் வைத்துச் சொன்னது போல அவ்வளவு கிட்டத்தில். என் பக்கத்தில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்த ஆள் கையைப் பாதியில் நிறுத்திவிட்டார். இவ்வளவு காலம் கெய்னரின் முதுகுக்குப் பின்னால் நின்றும் அவளிடம் இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று—

இந்த வாக்கியத்தை முடிக்க இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. இப்படியே இருக்கட்டும்.

5

அதன் பிறகு ஆறு படம், ஒரு தொலைக்காட்சித் தொடர், சில விருதுகள். அவற்றைப் பற்றி நிகழ்ச்சிப் புத்தகத்தில் நன்றாகவே போட்டிருக்கிறார்கள்.

இப்போது கெய்னருக்கு எழுபத்துமூன்று. ‘படகுக்காரி’ மறுபடி மேடைக்கு வருகிறது. அதே மாமியார், அதே எட்டு வரி. ஒத்திகையின் மூன்றாம் நாள் அவள் காலரிலிருந்து மைக்கைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள்.

“மத்த இடத்துல வெச்சுக்கறேன். இந்த எட்டு வரிக்கு வேணாம்.”

இளம் இயக்குநர் பதறினார். “அப்போ பெருசா பாடுவீங்களா?”

“மாட்டேன். படத்துல பாடின மாதிரிதான்.”

“ஆயிரத்து நூறு சீட்டு, கெய்னர்!”

“அவங்கள நான் நாப்பது வருஷம் தேடிப் போனேன். இந்தத் தடவ அவங்க வரட்டும்.”

வெற்றரங்கில் பாடிப் பார்த்தாள். கடைசி வரிசையில் நின்ற பெண் கையைத் தூக்கினாள், கேட்டதாம். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், காலி அரங்கு பொய் சொல்லும். ஆயிரம் பேர் குளிர்கோட்டோடு வந்து உட்கார்ந்தால் பாதிச் சத்தத்தைக் கம்பளி குடித்துவிடும்.

“கேக்கலன்னா, குரல் போச்சுன்னு எழுதுவானுங்க,” என்றேன். எங்கள் சண்டை அதுதான்.

“எழுதட்டும்.”

“நாப்பது வருஷப் பேரு, கெய்னர்.”

“பேருக்காகவா பாடறேன்? போடி.” கைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். “முதல் ஆட்டம், கடைசி வரிசை. நீ போய் உக்காரு. நீ சொன்னாத்தான் நம்புவேன்.”

“அந்தப் பாட்டுக்கு முன்னாடி நாப்பது செகண்டுல கோட்டு மாத்தணும். யார் மாட்டுவா?”

“நீதான். வேற கை பட்டா எனக்குப் பாட்டே மறந்துடும். ரெண்டும் நடக்கணும். எப்படின்னு நீ பாத்துக்க.”

6

முடிவு ஒன்று: ‘கடைசி வரிசை எழுந்து நின்று—’ (ஆசையில் எழுதியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ‘ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் ஆயிரத்து நூறு பேரும் மூச்சுவிடாமல்—’ (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு மூன்று: ‘யாரோ இருமினார்கள்.’ (இதை எழுதிவிட்டு அரை நாள் அடுப்படியில் சும்மா நின்றேன்.)

இன்று புதன்கிழமை. மூன்று மணிக்கு முதல் ஆட்டம், இப்போது மணி ஒன்றரை. நான் கிளம்ப வேண்டும், கொக்கிகளை இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருட்டில் நிற்கும் எனக்கு இன்றும் ஒன்றும் கேட்காது, அது நிச்சயம்.

ஆகவே டிக்கெட் உங்களுக்கு. மேல்மாடி, கடைசி வரிசை, பதினான்காம் இருக்கை. கோட்டைக் கழற்றி மடியில் வைக்காதீர்கள், கீழே போட்டுவிடுங்கள். இரண்டாம் பாதியில் வயதான ஒருத்தி கயிற்றைக் கையில் எடுப்பாள். அப்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.

கேட்டால், வெளியே வந்து எனக்குச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவளிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.