ஏழு நாளுக்குள் திருப்பலாம்

லாய் அண்ணன் அன்றும் பார்சலைக் கத்தரியால் வெட்டவில்லை. என் மேசைமேல் வைத்து, ஒட்டுநாடாவின் நுனியை நகத்தால் எழுப்பி, ஆரஞ்சுத் தோலை உரிக்கிற மாதிரி மெல்ல உரித்தார். உள்ளே பெண்கள் போடுகிற சாக்ஸ், முழங்கால் வரை வருவது, இளஞ்சிவப்பு. விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு பழையபடி மடித்து வைத்து, அதே நாடாவை அதே இடத்தில் ஒட்டி, என் பக்கம் தள்ளினார்.

"ரிட்டர்ன் போட்டுரு குவெய்."

எங்கள் குடியிருப்பின் வாசலில் பார்சல் நிலையம் நடத்துகிறேன். ஊரார் செருப்பும் ஷாம்பூவும் பூனைத் தீனியும் என் கைவழியாகத்தான் வீடு போய்ச் சேரும். வந்ததை எடுத்துக் கொடுப்பேன், வேண்டாமென்றால் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். என் வாய் சும்மா இருக்காது. சட்டையைப் போட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் திருப்புகிறவளைக்கூட நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புவேன். ஆனால் லாய் அண்ணனை நான் எதுவும் கேட்பதில்லை. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி போய் ரொம்ப நாளாயிற்று. அவர் யார் விற்ற சாக்ஸைத் தொட்டுப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகள் சூயுன், பக்கத்து மாகாணத்தில் ஒரு சாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். தைக்கிற வேலை இல்லை, விற்கிற வேலை. விளக்கு வளையத்துக்கு முன்னால் நின்று, போனில் பார்க்கிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தொண்டை கட்டிப்போய் ஊருக்கு வருவாள். என் கடையில் நின்று பார்சல் வாங்கும்போது விரலால் சைகை காட்டுவாளே தவிரப் பேசமாட்டாள். பிறகு ஒரு கோடையில் கம்பெனிக்காரர்கள் அவளை ஒரு பகல் முழுக்கப் பேசவைத்து, சிரிக்கவைத்து, தலையைத் திருப்பவைத்துப் படம் பிடித்தார்கள். அதை வைத்து ஏஐ இன்னொரு சூயுனைச் செய்து திரையில் நிறுத்திவிட்டது. அந்தச் சூயுனுக்குத் தொண்டை கட்டாது, பசிக்காது, தூக்கமும் வேண்டாம். "இனிமே அவ வேலை பாப்பா, நான் ஊருக்கு வந்து தூங்குவேன் அக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த இலையுதிர் காலத்திலேயே மழையில் அவளுடைய மின்சார ஸ்கூட்டரை ஒரு லாரி அடித்துவிட்டது.

சாம்பலை வாங்கப் போன இடத்தில் கம்பெனி மேலாளர் லாய் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த உருவத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டார். இவர் வேண்டாம், இருக்கட்டும் என்றார். விற்பனை நன்றாக இருக்கிறவரை அவளே இருப்பாள், கவலைப்படாதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. இவர் அதை அப்படியே மனசில் முடிந்துகொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டு நூடுல்ஸ் கிண்ணத்துக்கு எதிரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மகளைப் பார்ப்பார். அவள் கோடையில் படம் பிடித்தபோது போட்டிருந்த கையில்லாத சட்டையோடு நிற்பாள். எல்லாரையும் "குடும்பத்து மக்களே" என்றுதான் கூப்பிடுவாள். அந்த வியாபாரத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவர் ஒற்றை விரலால் தட்டி, சாப்பிட்டியா என்று எழுதுவார். நடுத்தர அளவு எல்லாருக்கும் பொருந்தும் என்று அவள் சொல்வாள். இவர் அதற்கும் தலையாட்டுவார். பனி இறங்கத் தொடங்கிய ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார்.

"குளிருதான்னு கேட்டேன் குவெய். பதில் சொல்லிட்டா, பாரு."

திரையில் சூயுன் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குளிரே தெரியாது குடும்பத்து மக்களே. உள்ள பஞ்சு வெச்சுத் தச்சது. கைய விட்டுத் தொட்டுப் பாருங்க."

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கிறார். விற்பனை குறையக்கூடாது என்று தினமும் வாங்கினார். பஸ் ஓட்டியவரின் ஓய்வூதியம் எத்தனை சாக்ஸைத் தாங்கும்? ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்ற விதி தனக்காகவே வந்தது என்று நினைத்தார். வாங்கினால் மகளின் கணக்கில் ஏறும், திருப்பினால் கையில் பணம் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் எனக்கும் விளக்கினார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சீட்டு ஒட்டுகிறவளுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

தெரியவந்தது ஒரு மத்தியானம். சாக்ஸ் கம்பெனியிலிருந்து யூலான் என்று ஒரு பெண் போன் செய்தாள். உங்கள் நிலையத்திலிருந்து எங்களுக்கு இவ்வளவு ரிட்டர்ன் வருகிறதே, போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது ஆள் வைத்துச் செய்கிறானா என்று கேட்டாள். குரலில் காரம் இருந்தது. என் காரம் அதைவிட ஒரு படி மேல். போட்டிக்காரனும் இல்லை, புண்ணாக்கும் இல்லை, உங்களிடம் வேலை பார்த்துச் செத்துப்போன பெண்ணின் அப்பா என்றேன்.

சூயுனும் தானும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. இப்போது இருக்கிற முகங்களில் சூயுன் முகத்துக்குத்தான் ரிட்டர்ன் அதிகம், ஒரே இடத்திலிருந்து தினமும் திரும்பி வந்தால் அது பெரிய குறையாகக் கணக்கில் ஏறும், அதனால் அவள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டாள், மாத முடிவில் முகத்தை மாற்றிவிடுவார்கள் என்று சொன்னாள்.

"மேலாளர்கிட்ட சொல்லேம்மா. அந்த மனுசன் இரங்காம போவாரா?"

"அவரு இரங்குவாருக்கா. முடிவு பண்றது அவரு இல்ல. எந்த மூஞ்சி ஓடுது, எந்த மூஞ்சி ஓடலன்னு மெஷினே பாத்து மாத்திரும். அதுகிட்ட போயி நான் என்னன்னு சொல்றது?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த யானைக்கு ஒவ்வொரு கூடையாக மண்ணை எடுத்துக் கொடுத்தவள் நான். அன்று சாயங்காலம் லாய் அண்ணன் வந்தபோது சீட்டு அச்சடிக்கிற மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் சாக்ஸை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வாங்குவதை நிறுத்தவில்லை, காலை நூடுல்ஸைத்தான் கஞ்சியாக மாற்றிக்கொண்டார். நானும் என் போனில் சூயுனிடம் வாங்கினேன். மூன்றாம் மாடிக்காரி, முடிதிருத்தும் கடைக்காரி, பார்சல் வண்டி ஓட்டுகிறவனின் மாமியார் என்று எல்லாரையும் திட்டாத குறையாக வாங்கவைத்தேன். எங்கள் தெரு முழுக்க ஒரே நிறச் சாக்ஸ் போட்ட கால்களே திரிந்தன. ஆனாலும் நாடு முழுக்க விற்கிற கம்பெனிக்கு ஒரு தெருவின் கால்கள் எம்மாத்திரம்?

புது மாதத்தின் முதல் காலையில், நான் கடையைத் திறந்து கெட்டிலில் வெந்நீர் வைத்திருந்தேன். லாய் அண்ணன் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். திரையில் கூர்மையான தாடையும் பெரிய கண்ணுமாக யாரோ ஒரு பெண். நல்ல அழகி. தடித்த கம்பளி மேல்சட்டை போட்டிருந்தாள். வாயைத் திறந்தாள். குரல் சூயுனுடையது. முகம்தான் ஓடவில்லை போலிருக்கிறது, குரல் ஓடியிருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் வாங்கினது பத்தலியா குவெய்?"

அதெல்லாம் பத்துச்சுண்ணே, நீங்க வாங்கினதுல ஒரு குறையும் இல்ல, குளிர்காலம் வந்ததால ஆள மாத்தியிருப்பாங்க என்றேன். மேசைக்கு அடியில் என் இளஞ்சிவப்புச் சாக்ஸ் காலை இழுத்து நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை.

அவர் தலையாட்டினார். அந்தப் புதுமுகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையைத் திருப்பி, வெளியூரிலிருந்து வந்த அழைப்பைக் கேட்கிறவர் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். குடும்பத்து மக்களே என்று உள்ளே குரல் மெலிதாகக் கேட்டது.

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ம்... இங்கயும் குளிருதான்."

அன்றைக்கு வந்திருந்த பார்சலை இன்னொரு கையில் வாங்கிக்கொண்டார். அதை உரிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, நடுநடுவே நின்று பதில் சொல்லிக்கொண்டே, வீட்டைப் பார்த்து நடந்தார்.