கழுதைக்குப் போன குரல்

தேயிலைக் கொழுந்து பறித்து வந்த பிரேமினி, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கார்ட்டூன் படத்து இளவரசிக்குக் குரல் கொடுத்தாள். தம்பி ஜீவராஜ் அதை அந்தப் படத்தின் ரசிகர் குழுவில் போட்டான்.

“இளவரசி தோட்டக்காட்டுப் பாஷையா பேசுவா?” என்று கழுவி ஊற்றினார்கள்.

மானம் போன ஆத்திரத்தில் அவன் அதே குரலை எடுத்து, படத்தில் வரும் கழுதையின் வாயில் ஒட்டினான். லைக் அள்ளியது. “என்னைய விட்டுட்டுப் போயிறாதீங்க” என்று அவள் உருகியதைக் கழுதை சொல்ல, ஆளாளுக்கு வெட்டி ஒட்டிப் பரப்பினார்கள்.

மறுவாரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டபோது பிரேமினி கையை மட்டும் தூக்கினாள்.

“வாயத் தொறந்து சொல்லு, இல்லாட்டி வேலை இல்ல.”

“இருக்கேங்க.”

வரிசையே கழுதையாகக் கத்தியது. முதலில் கத்தியவர் கணக்கப்பிள்ளை. ஜீவராஜ் அதையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தான்.