பாலத்துக்கு முந்திய படம்

"நிறுத்து. அந்த இடத்தை மறுபடி ஓட்டு," என்றார் அப்பா.

மகள் மடிக்கணினியில் படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்குப் பார்வை போய்விட்டது, அவள்தான் கண். ஆவணக் காப்பகம் அந்த மௌனப் படத்தில் மிஞ்சிய துண்டை அன்று காலைதான் அனுப்பியிருந்தது. ஒரு தொடர்கதையைத் தழுவி எடுத்த படம் அது என்று ஆயுசு முழுக்க எழுதி வந்தவர் அவர். எழுதி முடியாமல் கிடக்கும் அவருடைய புத்தகமும் அதைப் பற்றித்தான்.

"கதாநாயகி படகுல ஏறுறாப்பா. பின்னால ஆறு."

"கதை பாலத்துலதான் ஆரம்பிக்கும். பாலம் தெரியுதா?"

ஆற்றில் தூண்கள் மட்டும் நின்றன. பாலம் திறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் தொடர்கதை வெளிவந்தது. அப்படியானால் படம்தான் முதலில். கட்டிலருகே இருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கும் புரிந்தது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"என்ன, ஊமைப் படம் பாத்து நீயும் ஊமையாயிட்டியா?"

"தூண் மட்டும்தாம்பா நிக்குது. பாலம் இன்னும் கட்டல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் விரல்களை மடக்கி வருஷக் கணக்குப் போட்டார். பிறகு, "அப்போ கதை எழுதினவர்தான் கொட்டகையில உக்காந்து பாத்திருக்கார். நான் தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்கேன். முதல் அத்தியாயத்தைத் தூக்கிடு. புதுசா எழுதணும்," என்றார்.

"இப்பவா?" என்றாள் அம்மா.

"பின்ன, செத்தப்புறமா?"

பிற்பகல் முழுக்க அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. "படம் பார்த்த ஒருவர் கதை எழுத உட்கார்ந்தபோது…" என்று நிறுத்தினார். அடுத்த சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். நர்ஸ் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எரியூட்டிவிட்டு வந்ததும் பதிப்பாளர் அவளை வாசலுக்கு அழைத்தார். அப்பாவின் பழைய மாணவர்.

"சாரோட பழைய பிரதி எங்கிட்ட இருக்கும்மா. அதையே போட்டுடலாம். அவர் பேரு நிக்கட்டும்."

"அது தப்புன்னு அவரே சொல்லிட்டாரு."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நான் எழுதித் தரேன். அதைப் போடுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீடு காலியானதும் மகள் மடிக்கணினியைத் திறந்து மேஜை முன் அமர்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்த அம்மா, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"எதுல நிக்குது? படி," என்றாள்.