மெர்காமோன் சார் வெட்டிய பெயர்

எங்கள் வரலாற்றுத் துறையின் தலைவர் எகிப்திய மன்னர் மெர்காமோன். மூவாயிரத்துச் சொச்சம் வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறார். ஓய்வு வயது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

தான் கட்டாததிலெல்லாம் தன் பெயரை வெட்டிக்கொள்வது அவர் வழக்கம். கேன்டீன் சுவர், தண்ணீர்த் தொட்டி, துணைவேந்தரின் கார். பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் ஆய்வேட்டில் கை வைத்துவிட்டார். எங்கள் துறையில் ஆய்வேட்டைக் கருங்கல்லில் கொத்தித்தான் கொடுக்க வேண்டும். அவருடையதாகச் சொல்லப்படும் கோயில்களை அவருக்கு முன் ஆண்ட ஓர் அரசிதான் கட்டினாள் என்று நிறுவியிருந்தேன். மேலே இருந்த 'ஆவுடைச்செல்வி' என்ற என் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, அங்கே தன் பெயரை வெட்டியிருந்தார்.

அன்று மாலை அம்மா போன் செய்தாள்.

"மன்னரே, சாப்ட்டீயளா?"

"அம்மா, நான் ஆவுடை."

"அப்படி எங்க வீட்ல யாரும் இல்லையே, ஐயா."

பிறந்ததிலிருந்து என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்ட வாய். அந்த மரியாதை தாங்காமல் போனை வைத்தேன்.

நேரே அவர் அறைக்குப் போனேன். உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பேர்ல இருக்கற ஆய்வே, கோயிலை நீங்க கட்டலைன்னு சொல்லுது. வெட்கமா இல்லையா?"

"சொல்லட்டும்மா. படிக்கிறவன் பேரை மட்டும்தான் படிப்பான்."

"நீங்களே கட்டினது ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!"

ஜன்னல் வழியே வளாகம் முழுவதையும் பார்த்தார். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அங்கே அவர் பெயர் இருந்தது.

உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. என் ஆய்வு நெறியாளர் அல்லவா, பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஆழமா வெட்டும்மா. அரசி பேரை நான் மேலோட்டமா எடுத்தேன். அதான் நீ கண்டுபிடிச்சிட்டே."

அவர் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, என் பெயரை ஆழமாகவே வெட்டினேன். கடைசி எழுத்து முடிந்ததும் எழுந்து, தன் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, மாணவர்கள் உட்காரும் முக்காலியில் அமர்ந்துகொண்டார். போன் அடித்தது.

"ஏட்டி ஆவுடை, எங்கட்டி போய்த் தொலஞ்ச?"

பதில் சொல்வதற்குள் அலுவலக உதவியாளர் சுடலைமுத்து கதவைத் தட்டினார்.

"மேடம், நைல் நதி வந்திருக்கு. கேட்ல நிக்குது. இந்த வருசம் எந்தப் பக்கம் பாயணும்னு கேக்குது."

பரீட்சை முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னேன்.