படத்தில் பெய்த மழை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கள்ளுக் கோப்பையை ஏந்திக்கொண்டு, கூட்டத்துக்குள் தன் மாப்பிள்ளையைத் தேடிப் போன ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். கேட்கும்போது பாதி கனவு போலத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

எனுகு நகரத்தில் புதன்கிழமை மதியம் என்றால் அனுலியின் குரல். தலை பின்னும் கடைகளிலும், ஒக்பா என்கிற பயற்றுமாவுப் பண்டம் விற்கிறவர்களின் குடை நிழலிலும் வானொலி அவளுக்காகவே திறந்திருக்கும். அந்த வாரம் வந்த படத்தைப் பற்றிப் பேசுவாள். குழைந்து பேசத் தெரியாது அவளுக்கு. "அழ வச்சுட்டா நல்ல படமா? வெங்காயமுந்தான் அழ வைக்குது" என்று அவள் ஒருமுறை சொன்னதை, ஊரில் பேருந்து நடத்துனர்கள்கூடச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வெங்காயப் படத்தை எடுத்தவன்தான் ஒலிசா. சண்டை போடத்தான் வானொலி நிலையத்துக்கு வந்தான். வாசலில் அனுலி சூடான ஒக்பாவை வாழையிலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, ஆறிப்போயிடும்" என்று பாதியைக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். திட்ட மறந்துபோனான். அப்படியே இரண்டு மழைக்காலம் போய், இரண்டு வீட்டாரும் பேசி, டிசம்பர் கடைசியில் கள் ஏந்தும் கல்யாண நாளைக் குறித்துவிட்டார்கள்.

நாள் குறித்த பிறகுதான் அவனுடைய புதுப் படம் வந்தது. 'மழையில் ஒரு கோப்பை' என்று பெயர். காதல் படம்.

முதல் காட்சிக்கு அனுலியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். படம் முழுக்க ஒருவிதப் பழுப்பு வெளிச்சம், தேன் தடவியது போல. நாயகி ஆற்றங்கரையில் நடந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் மூடுபனியும் கூடவே நடந்தது. லாகோஸ் பட்டணத்துப் பணக்காரப் பையன், கிராமத்துப் பெண், வேண்டாம் என்கிற மாமியார், விபத்து, மருத்துவமனை, நினைவு தப்புதல், எல்லாம் இருந்தது. கடைசியில் கல்யாண முற்றம். நாயகி கோப்பையோடு வெளியே வருகிறாள், மழை கொட்டுகிறது. கூட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது, ஒரு சத்தமில்லை. நாயகன் நாற்காலியை விட்டு எழுந்து, மழையில் நனைந்துகொண்டே அவளை நோக்கி வருகிறான்.

அரங்கில் ஒரு கண் காயவில்லை. அனுலியின் கண்கள் மட்டும் காய்ந்திருந்தன.

"எப்படி இருக்கு?" என்றான் ஒலிசா, இருட்டில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு.

"புதன்கிழமை சொல்றேன்."

"எங்கிட்டகூடவா புதன்கிழமை?"

"நான் வேணும்னா இந்தப் படத்தை விட்டுடறேன், ஒலிசா. வேற யாராவது பேசட்டும்."

"வேற யாராவதா? மாப்பிள்ளைக்காக அவ ஒதுங்கிட்டான்னு ஊரே பேசும். நீயே பேசு. உண்மையைப் பேசு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிற ஆண்பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கண்ணுகளா.

புதன்கிழமை வந்தது. வடக்கே பாலையிலிருந்து புழுதிக்காற்று இறங்கிவிட்டிருந்தது. உடி மலைகள் காணாமல் போயிருந்தன. சூரியன் நிலாவைப் போல வெளுத்துக் கிடந்தது. அனுலி உதடு வெடிக்காமலிருக்க ஷியா வெண்ணெயைத் தடவிக்கொண்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள்.

முதலில் நல்லதைச் சொன்னாள். அந்த வெளிச்சத்தைச் சொன்னாள். நாயகியாக நடித்த பெண் வசனமே இல்லாமல் மிளகாய் அரைக்கிற ஒரு காட்சியைச் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"இந்தப் பொண்ணு ரெண்டரை மணி நேரமா ஒரு மூட்டை மாதிரி கை மாறிக்கிட்டே இருக்கா. மாமியார் தூக்கிப் போடறா, விபத்து தூக்கிப் போடுது, டாக்டர் தூக்கிப் போடறாரு. சரி, கடைசியிலயாவது அவ கையில கோப்பை வருதேன்னு நிமிர்ந்து உக்காந்தேன். நம்ம கல்யாணத்துல எல்லாத்தையும் பெரியவங்கதான் பேசி முடிக்கறாங்க. அந்த ஒரு கோப்பையை அப்பா அவ கையில குடுத்த அப்புறம் மட்டும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது, வழி காட்டக் கூடாது. மாப்பிள்ளை கூட்டத்துல ஒளிஞ்சு உக்காந்திருக்கணும். அவ தேடணும். அவ நின்னா ஊரே நிக்கணும். அந்த நேரம் முழுக்க அவளோடது. படத்துல என்ன பண்றாங்க? அவ முதல் அடி வைக்கறதுக்கு முன்னாடியே கேமரா ஓடிப்போய் மாப்பிள்ளை மூஞ்சியில நின்னுடுது. நமக்குத் தெரிஞ்சு போச்சு, அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. அப்புறம் என்ன தேடறது? அவனும் எழுந்து வந்துடறான். உக்காந்து காத்திருக்கத் தெரியாதவன் எதுக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டணும்? அப்புறம் அந்த அமைதி! நம்ம ஊர்க் கல்யாண முற்றத்துல அமைதியா? ஆட்டுக்குட்டிகூட வாய மூடாது."

ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள். "அக்கா, இந்த வறண்ட டிசம்பர்ல எந்த ஊர்லக்கா மழை பெய்யுது? எனக்கும் சொன்னா அழுக்குத் துணியெல்லாம் தூக்கிக்கிட்டு அங்க போயிடுவேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்கருவியைக் கவனித்துக்கொண்டிருந்த தோழி உகோன்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனுலியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு காற்றில் ஏறி ஊர் முழுக்கப் போயிற்று.

அன்று சாயங்காலம் ஒலிசா கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அக்காதான் ஒருமுறை எடுத்தாள்.

"சாப்பிடறான், தூங்கறான். பேச மாட்டேங்கறான். நீ சொன்னதைவிட நீ சிரிச்சதுதான் அவனைச் சுட்டிருக்கு, அம்மா."

"சனிக்கிழமை கள் ஏந்தறதுக்கு வருவாருல்ல அக்கா?"

"நாங்க எல்லாரும் வருவோம். சீருக்குக் கிழங்கு கட்டியாச்சு, கள்ளுக்குச் சொல்லியாச்சு." பிறகுதான், "அவனும் வரணும்" என்றாள்.

வரணும் என்பது வருவான் ஆகாதே. அனுலிக்கு அந்த ஒரு சொல்லே ராத்தூக்கத்தைக் கெடுத்தது. ஊர் கூடியிருக்கும். அப்பா கையிலிருந்து வாங்கிய கோப்பை, யாரும் குடிக்காமல் நிறைந்தபடியே அப்பா கைக்குத் திரும்பி வந்தால்? கோப்பையையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்த மனிதன் இனி தனக்கு இல்லை என்பதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

சனிக்கிழமை, உடி மலைக்குப் பின்னால் இருக்கும் அப்பாவின் ஊரில் பந்தல்கள் எழும்பின. புழுதி அன்றைக்குத்தான் உச்சம். பந்தலின் அந்தக் கோடியில் இருக்கிறவர்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். பெரியவர்களின் சிவப்புக் குல்லாய்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. ஒலிசாவின் வீட்டார் வந்தார்கள். அவனுடைய படக்குழு ஆட்களும் வந்தார்கள், புழுதிக்குப் பயந்து மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு. வழக்கப்படி கோலாக் கொட்டை உடைத்துப் பெரியவர்கள் வேண்டுதல் சொன்னார்கள்.

அனுலி உள்ளறையில், கழுத்தில் பவளமும் இடுப்பில் மணியுமாக, சன்னல் வழியே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பையன் வந்திருக்கானா?" அப்பாவின் குரல்.

"வந்திருக்கான்." ஒலிசாவின் பெரியப்பா.

"எங்க, ஆளையே காணோமே?"

"அதை உங்க பொண்ணு கண்டுபிடிக்கட்டும். அவதான் வானொலியில சொன்னாளே, தேடணும்னு!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பை வைத்து உண்மையா மழுப்பலா என்று எப்படிச் சொல்வது? உகோன்மா அவள் தலைச் சீலையைச் சரிசெய்தபடி கிசுகிசுத்தாள்: "நான் ரெண்டு சுத்து சுத்திட்டேன்டி. கண்ணுல படல."

"சொல்லாத. சொல்லக் கூடாது."

"படலன்னுதானே சொல்றேன், அதுவும் கூடாதா?"

அப்பா கோப்பையை நிரப்பி அவள் இரண்டு கையிலும் வைத்தார். வெள்ளை நுரை விளிம்பில் துடித்தது. "போ தாயி. உன் ஆளைக் காட்டு, நாங்களும் பாக்கறோம்."

அவள் இறங்கினாள். முரசு அதிர்ந்தது. நாலாபக்கமும் ஆண்கள் கூச்சல் போட்டார்கள், அது வழக்கம்.

"இங்க பாரு பொண்ணே, இவ்வளவு நேரமா உனக்காகத்தான் காத்திருக்கேன்!"

"அவனை விடு, அவனுக்குக் காரே இல்ல!"

பல்லெல்லாம் போன ஒரு தாத்தா கையை நீட்டினார். "எனக்குக் குடு தாயி. நான் படமெல்லாம் எடுக்க மாட்டேன், நீ திட்ட வேண்டியதே வராது!"

அனுலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒலிசாவின் நண்பர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனாள். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அந்தக் காலி நாற்காலியைப் பார்த்த நொடியில், கண்ணுகளா, ஒன்று நடந்தது. முரசு எங்கோ தூரத்துக்குப் போயிற்று. கூச்சல் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை. வாய்கள் திறந்து மூடின, தாத்தாவின் கை நீண்டே இருந்தது, ஆட்டுக்குட்டி வாயைத் திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை. புழுதி பழுப்புத் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது. தான் எந்தப் படத்துக்குள் நடக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கேலி செய்த அமைதி இதுதான்.

இரண்டாவது பந்தல். இல்லை. பெண்கள் பக்கம், சமையல் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம். இல்லை. நுரை அடங்கி, கள் அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஒளிந்திருக்கிறவனைத் தேடுகிறோமா, வராதவனைத் தேடுகிறோமா? முதலாவதுதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.

அவளுக்கு முன்னால் படம் பிடிக்கிறவன் பின்னடியாகவே நடந்து வந்துகொண்டிருந்தான். மூக்குக்கு மேல் துண்டு, கண்ணுக்கு மேல் கேமரா. கல்யாண வீட்டுக் கேமராக்காரர்களுக்கு மாப்பிள்ளை இருக்கும் இடம் முதலிலேயே தெரியும். மணப்பெண் நெருங்கும்போது கேமரா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். அது சரியில்லைதான். ஆனாலும் அனுலி அந்தக் கேமரா திரும்புவதற்காகக் காத்திருந்தாள்.

அது திரும்பவே இல்லை. கூச்சலிடுகிறவர்கள் பக்கம் போகவில்லை, ஆடுகிறவர்கள் பக்கம் போகவில்லை. அவள் நின்றால் நின்றது. அவள் நடந்தால் நடந்தது. மாப்பிள்ளை முகத்துக்கு ஓடிப்போகாத கேமரா. அது அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது, முதல் அடியிலிருந்தே.

அவள் நின்றுவிட்டாள். கேமரா லேசாக நடுங்கியது.

"உக்காரு," என்றாள் அனுலி. "நின்னுக்கிட்டு இருக்கறவனுக்குக் கோப்பை கிடையாது."

அவன் அப்படியே செம்மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கேமராவை மடியில் வைத்தான். துண்டை இறக்கினான். புழுதி படியாத இடத்தில் மட்டும் ஒலிசாவின் முகம் இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு ஈரம்.

போன சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து அவள் மேல் விழுந்தது. முரசு, கூச்சல், ஆட்டுக்குட்டி, "எனக்குக் குடுத்திருக்கலாம்" என்று தாத்தாவின் புலம்பல். அனுலி மண்டியிட்டாள். ஒரு வாய் குடித்தாள், கோப்பையை நீட்டினாள். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"கோவம் போச்சா?" என்று அவன் காதுக்குள் கேட்டாள்.

"காலை வரைக்கும் இருந்துச்சு. நீயே தேடு, நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கறேன்னுதான் வந்தேன். நீ அந்தக் காலி நாற்காலியைப் பாத்தப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன் பாரு... ரெண்டு தடவை துண்டை அவுத்துடப் போனேன், அனு. சும்மா காத்திருக்கறது லேசில்ல."

"தெரியுது. உன் நாயகன் ஏன் எழுந்து வந்தான்னு இப்பத்தான் தெரியுது."

"அப்ப?"

"அப்பவும் அவன் எழுந்திருச்சது தப்புதான்." அவள் அவன் நெற்றிப் புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தாள். "ஆனா அந்த அமைதி நெசம். எல்லாச் சத்தமும் நின்னு போச்சு, நீ எடுத்த மாதிரியே. தெரியாம சிரிச்சுட்டேன். புதன்கிழமை சொல்லிடறேன்."

"மழை?"

"மழை பொய்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். காலிக் கோப்பையை அவள் ஏந்திக்கொள்ள, இருவரும் ஆடிக்கொண்டே அப்பாவிடம் போனார்கள். கேமரா மண்ணில் கிடந்தபடியே ஓடிக்கொண்டிருந்ததாம். அதில் அப்புறம் பதிந்தது வெறும் கால்கள், எத்தனையோ கால்கள், செம்புழுதியில் மேகத்தின் மேல் ஆடுவது போல. அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அனுலி இன்றைக்கும் சொல்வாள்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் யாராவது யாரையாவது தேடிப் போனால், தேடப்படுகிறவர் கண்ணெதிரிலேயே இருக்கட்டும். கோபத்தோடு வாசல் தாண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுக் கோப்பை ஒருநாளும் குடிக்காமல் திரும்பாதிருக்கட்டும், கண்ணுகளா.